குப்பை போட்டவன் அள்ளட்டும்! கூலியை நம்ம வீட்டு ரசீதில் ஏத்தாதே!

புளியறை மக்களே! செங்கோட்டை, தென்காசி, குற்றாலம், கடையநல்லூர் பக்கத்து உறவுகளே!

2024 டிசம்பர் ஞாபகம் இருக்கா? கேரளாவிலிருந்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டுவந்து திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டிவிட்டுப் போனார்கள். ஊசி, ரத்தம் தோய்ந்த பஞ்சு, மருந்துக் குப்பி எல்லாம் நம்ம மண்ணில். மக்கள் கொதித்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம், மூன்று நாளைக்குள் அள்ளிக்கொண்டு போ என்று கேரள அரசுக்கு உத்தரவு போட்டது. லாரிகள் வந்தன, அள்ளிக்கொண்டு போயின. "அள்ளுற கூலியை கோடகநல்லூர்க்காரன் கொடுக்கணும்" என்று அப்போது யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் விட்டிருப்போமா?

குப்பை போட்டவன் அள்ளணும், அள்ளுற செலவும் அவனோடது. புளியறை செக்போஸ்ட்டில் ராத்திரி லாரி எண்ணிக்கொண்டு நிற்கிற நமக்கு இந்த நியாயத்தை யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அதே நியாயத்தை ஒன்றிய அரசு தலைகீழாகப் புரட்டப் பார்க்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். டீ ஆறினாலும் பரவாயில்லை, முழுசாகப் படிங்க.

🔴 என்ன அறிவிச்சிருக்காங்க?

2026 பிப்ரவரி 1 அன்று தாக்கலான ஒன்றிய பட்ஜெட்டில், கார்பனைப் பிடித்துப் பயன்படுத்தவும் சேமிக்கவும் ஐந்து ஆண்டுகளுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். மின்சாரம், உருக்கு, சிமெண்ட், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, ரசாயனம் என ஐந்து துறைகளுக்கு.

இது என்ன சமாச்சாரம்? அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் வெளியே போகிற கரியமில வாயுவை ரசாயனக் கரைசலால் உறிஞ்சுவார்கள். அந்தக் கரைசலைச் சூடாக்கி வாயுவைத் தனியாகப் பிரிப்பார்கள். அழுத்தி, குழாயில் ஏற்றி, ஒன்று தொழிற்சாலைக்கு விற்பார்கள், இல்லையென்றால் பூமிக்கடியில் இறக்குவார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சூடாக்கவும் அழுத்தவும் சக்தி வேணுமே? அந்தச் சக்தி அதே மின் நிலையத்திலிருந்துதான் எடுக்கணும். உற்பத்தியாகிற மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, சில இடங்களில் அதற்கும் மேலே, இந்த வேலைக்கே போய்விடும். அப்படியென்றால் அதே அளவு கரண்ட் நம்ம வீட்டுக்கு வர இன்னும் அதிகமாக நிலக்கரி எரிக்கணும். அந்த நிலக்கரிக்கும் விலை உண்டு, இந்தக் கருவிக்கும் விலை உண்டு. இதையெல்லாம் கடைசியில் யார் கட்டுவது?

🔴 தூத்துக்குடி சொல்லும் கணக்கு

நாங்கள் சும்மா எதிர்ப்பதற்காக எதிர்க்கவில்லை. இந்தத் தொழில்நுட்பம் நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. தூத்துக்குடி ஆல்கலி ரசாயன ஆலையில் 2016-இல் இருந்து, நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு செய்கிறார்கள். ஆண்டுக்கு 60,000 டன் வாயு பிடிக்கும் திட்டம். அரசு மானியம் இல்லாமல் ஆரம்பித்தது என்று உலகப் பத்திரிகைகளே அப்போது எழுதின. அவர்களுக்கு வாயு மூலப்பொருள், அதற்கு அவர்களே காசு போட்டார்கள். பாராட்டுகிறோம்.

ஆனால் 60,000 டன் என்பது எவ்வளவு? அதே தூத்துக்குடியில் இருக்கும் அரசு அனல்மின் நிலையம் 1,050 மெகாவாட். நிலக்கரியில் ஒரு யூனிட் எடுத்தால் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளியே வரும். முழு வீச்சில் ஓடினால் மணிக்கு 10 லட்சம் யூனிட்டுக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 1,000 டன் வாயு. 60,000 டன் வர 60 மணி நேரம் போதும்.

ஒரு வருஷம் பூராவும் பிடிக்கிற வாயு, பக்கத்து அனல்மின் நிலையத்தின் இரண்டரை நாள் புகைக்குச் சமம்! மீதி நாள் புகையை என்ன செய்வது? எவ்வளவு சோடா உப்பு செய்வது? நம்ம நாடு பூராவும் துணி துவைத்தாலும் தீராது. அப்போது பூமிக்கடியில்தான் புதைக்கணும். புதைக்கிற இடத்துக்குக் குழாய் போடணும், ஆண்டுக்கணக்கில் காவல் காக்கணும். அந்தச் செலவு தூத்துக்குடி ஆலைக் கணக்கில் வராத செலவு.

🔴 வெளிநாட்டில் நடந்தது என்ன?

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலம், கெம்பர். நிலக்கரியை வாயுவாக்கி, கார்பனைப் பிடித்து, சுத்தமான மின்சாரம் தருகிறோம் என்று ஆரம்பித்தார்கள். செலவு 750 கோடி டாலரைத் தாண்டியது. 2017-இல் அந்த வேலையை நிறுத்திவிட்டு, இயற்கை எரிவாயுவில் சாதாரணமாக ஓட்டினார்கள்.

டெக்சாஸில் பெட்ரா நோவா. சுமார் 100 கோடி டாலர் செலவில் 2017-இல் ஓட ஆரம்பித்தது. பிடித்த வாயுவை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? எண்ணெய்க் கிணற்றுக்கு, இன்னும் கொஞ்சம் எண்ணெய் உந்தி எடுக்க! 2020-இல் எண்ணெய் விலை விழுந்ததும் கருவியை நிறுத்திவிட்டார்கள். திரும்ப ஓட 2023 ஆகிவிட்டது.

பிரிட்டனைப் பாருங்கள். 2024 அக்டோபரில் அந்த அரசு 25 ஆண்டுகளுக்கு 2,170 கோடி பவுண்ட் அறிவித்தது. 2025 பிப்ரவரியில் அவர்கள் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவே எச்சரித்தது: இந்தப் பணத்தில் நான்கில் மூன்று பங்கு மக்களின் மின், எரிவாயுக் கட்டணத்தின் மேல் போடுகிற தீர்வையிலிருந்துதான் வரப்போகிறது என்று. அறிவிக்கும்போது அரசாங்கப் பணம், கட்டும்போது வீட்டு ரசீது! இந்தப் பாதையில்தான் நம்மையும் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள்.

🔴 "நம்ம பில்லில் அப்படி ஒரு வரி இல்லையே?"

நியாயமான கேள்வி. இன்றைக்கு இல்லை. ஆனால் கதவு திறந்தே இருக்கிறது. 2021 அக்டோபரில் ஒன்றிய மின்துறை ஒரு விதி கொண்டுவந்தது. சட்டம் மாறுவதால் மின் நிலையத்துக்குக் கூடுதல் செலவு வந்தால், அதைத் தாமதமில்லாமல் கட்டணத்தில் வசூலித்துக்கொள்ளலாம். 2022-இல் இன்னொரு திருத்தம்: எரிபொருள் விலையும், வெளியிலிருந்து மின்சாரம் வாங்கும் விலையும் ஏறினால் அதை மாதாமாதம் கட்டணத்தில் சேர்க்கலாம். நாளைக்கு அனல்மின் நிலையம் கார்பன் பிடித்தே ஆகணும் என்று உத்தரவு வந்தால், அந்தச் செலவு எந்த வழியாக வீட்டுக்கு வரும் என்று இப்போது புரியுதா?

இவர்களின் நேர்மையை இன்னொரு விஷயத்தில் பாருங்கள். அனல்மின் நிலையப் புகையில் கந்தகம் இருக்கிறது. அது நேரா நுரையீரலைத் தாக்குகிற விஷம். அதை வடிகட்டும் கருவி வைக்கணும் என்று 2015 டிசம்பரில் விதி போட்டார்கள், இரண்டு வருஷம் கெடு கொடுத்தார்கள். கெடு தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் 2025 ஜூலையில், ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அலகுகளுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கு கொடுத்தார்கள். அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று, மின்சாரச் செலவு கூடிவிடும் என்பது.

கந்தகத்தை வடிகட்டினால் கரண்ட் விலை ஏறும், அதனால் வேண்டாமாம். அதைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும் கார்பன் கருவிக்கு மட்டும் 20,000 கோடியாம். ஒரே வாயில் இரண்டு பேச்சு!

🔴 நாம ஏற்கனவே கட்டிட்டோம்!

பலருக்குத் தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தித் தீர்வை போட்டார்கள். 2014-இல் 100, 2015-இல் 200, 2016-இல் 400 ரூபாய் ஆனது. காரணம் என்ன சொன்னார்கள்? சுற்றுச்சூழலுக்கு, சுத்தமான எரிசக்திக்கு.

அந்த 400 ரூபாயை நிலக்கரி முதலாளி கட்டவில்லை. மின் நிலையம் கட்டியது, மின் வாரியம் கட்டியது, கடைசியில் நம்ம ரசீதில் வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் பேரை மாற்றி, மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் தீர்வையாக்கிவிட்டார்கள். 2025 செப்டம்பரில் அந்தத் தீர்வையை எடுத்தார்கள், கூடவே நிலக்கரிக்கான ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக ஏற்றினார்கள்.

சுத்தமான காற்றுக்கு என்று வாங்கின காசு எங்கே போச்சு? அந்தக் கணக்கை முதலில் வைக்கட்டும். பழைய சீட்டுப் பணத்துக்குக் கணக்குச் சொல்லாதவன் புதுச் சீட்டு ஆரம்பிச்சா ஊரில் யாராவது சேருவோமா?

🔴 அடுப்படிக்கு வாங்க

2025 ஏப்ரலில் சமையல் சிலிண்டருக்கு ஒரே அடியாக 50 ரூபாய் ஏற்றினார்கள். சென்னையில் 868 ரூபாய் 50 காசு ஆனது. வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்த மானியம், உஜ்வாலாவில் இல்லாத வீடுகளுக்கு 2020-இலேயே நின்று போச்சு. உஜ்வாலா வீடுகளுக்கு மட்டும் சிலிண்டருக்கு 300 ரூபாய், அதுவும் 2025-26-இல் வருஷத்துக்கு 9 சிலிண்டருக்குத்தான். அதற்கு நாடு முழுவதும் ஒதுக்கிய தொகை 12,000 கோடி.

வயல் வேலைக்கும் நூறுநாள் வேலைக்கும் போகிற ஒரு அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது உடனே புக் பண்ணுகிறார்களா, இல்லை கூலி கைக்கு வரும்வரை விறகு பொறுக்கி ஒப்பேற்றுகிறார்களா என்று. புளியறையில் விறகு என்றால் மலையடிவாரம். யானையும் பன்றியும் இறங்குகிற இடம். அந்தப் புகை யார் நெஞ்சுக்குள்ள போகுது? அந்தக் கார்பனைப் பிடிக்க எந்த பட்ஜெட்டில் காசு ஒதுக்கினார்கள்?

20,000 கோடியை வேறு எப்படிச் செலவழிக்கலாம் என்று ஒரு மனக்கணக்கு போடுவோம்.

👉 சிலிண்டருக்கு 300 ரூபாய் வீதம் கொடுத்தால், 66 கோடி சிலிண்டருக்கு மேல் கொடுக்கலாம்.

👉 வீட்டுக் கூரை சோலாருக்கு இப்போது அவர்களே தரும் அதிகபட்ச மானியம் 78,000 ரூபாய். அந்தக் கணக்கில் 25 லட்சம் வீடுகளுக்குக் கொடுக்கலாம். 2 கிலோவாட் போதும் என்றால் மானியம் 60,000, அப்போது 33 லட்சம் வீடுகள்.

புகையை வரவிட்டுப் பிடிப்பதைவிட, புகையே வராமல் செய்வது மலிவு. இதற்கு விஞ்ஞானி தேவையில்லை, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

🔴 நம்ம வாசலில் வீசுற காற்று

ஆனி, ஆடியில் நம்ம ஊருக்கு என்ன விசேஷம்? சாரல். ஆரியங்காவு பக்கமிருந்து செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று, முதலில் தட்டுவது புளியறை வீட்டுக் கதவைத்தான். தமிழ்நாட்டில் காற்றாலைக்குப் பேர்போன கணவாய்கள் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். அதில் ஒன்று நம்ம வாசலில். இந்த மாநிலத்தில் 1986-இலேயே தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலை வைத்தார்கள். இன்று தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது.

ஆனால் காற்று உச்சத்தில் அடிக்கிற நாளில் காற்றாலையை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். கொண்டுபோக லைன் போதாது, சேமித்து வைக்க வசதி இல்லை என்பதுதான் காரணம். நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின் திட்டத்தை வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எரிபொருள் செலவே இல்லாத காற்றை வீணாக விட்டுவிட்டு, ஒடிசாவிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் நிலக்கரி கொண்டுவந்து எரித்து, அதன் புகையைப் பிடிக்கப் பல்லாயிரம் கோடியா?

இதில் மாநில அரசும் தப்பிக்க முடியாது. மாதாமாதம் மின் கணக்கெடுப்போம், சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் தருவோம் என்று தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் எழுதித்தான் ஆட்சிக்கு வந்தது. அந்த ஆட்சிக் காலம் 2026 வரைதான். மாதக் கணக்கெடுப்பைக் கேட்டால் ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்றார்கள். 2022 செப்டம்பரில் கட்டணத்தை ஏற்ற மட்டும் எந்த மீட்டருக்கும் காத்திருக்கவில்லையே! இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால், கோடையில் ஃபேனும் மோட்டாரும் கொஞ்சம் கூட ஓடினால் 500 யூனிட்டைத் தாண்டுகிறது. தாண்டிவிட்டால் கீழ்ப்படிக்கு உரிய சலுகையும் சேர்ந்து போய்விடுகிறது. டெல்லிக்காரன் மேலே ஏத்துறான், சென்னைக்காரன் கீழே இறக்க மறுக்கிறான். நடுவில் நசுங்குவது நம்ம ரசீது.

🔴 "அப்போ நீங்க சுற்றுச்சூழலுக்கு எதிரியா?"

இப்படி ஒரு கேள்வி கமெண்டில் வரும் என்று தெரியும். பதில் இதோ.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியதைப் பார்த்தவர்கள் நாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனதைப் பார்த்து அழுதவர்கள் நாம். சாரல் ஒரு வருஷம் பொய்த்தால் குற்றாலத்துக் கடைக்காரர் முதல் ஆட்டோ ஓட்டும் தம்பி வரை யார் வீட்டில் அடுப்பு எரியாது என்று நமக்குத் தெரியும். பூமி சூடாவது உண்மை, புகை குறையணும் என்பதும் உண்மை. அதனால்தான் கேட்கிறோம், உண்மையிலேயே குறைக்கிற வழிக்குக் காசு போடு என்று.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறோம். சிமெண்ட் வேறு கதை. நம்ம தாழையூத்து மாதிரி ஆலைகளில் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டாலே கரியமில வாயு வரும், நிலக்கரியே போடாவிட்டாலும் வரும். அங்கே காற்றாலை வைத்து மட்டும் தீர்க்க முடியாது, பிடிக்கிற கருவி தேவைப்படலாம். உருக்கிலும் ஓரளவு அப்படித்தான். செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பா, கார்பன் அதிகமான உருக்கு, சிமெண்ட், அலுமினியத்துக்கு எல்லையில் தீர்வை வாங்குகிறது. கார்பனைப் பிடித்தால் அந்தத் தீர்வை யாருக்கு மிச்சம்? ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்கு. லாபம் கம்பெனிக்கு என்றால் முதலும் கம்பெனி போடட்டும். அரசு உதவி செய்வதாக இருந்தால் கடனாகக் கொடு, பங்காகக் கொடு, திரும்ப வரும்படி கொடு. தானமாகக் கொடுக்க இது கோயில் உண்டியல் இல்லை.

✊ எங்கள் கோரிக்கைகள்

1. கார்பன் பிடிக்கும் திட்டத்தின் செலவில் ஒரு பைசாகூட வீட்டு மின் கட்டணத்தில் ஏற்றப்படாது என்று, திட்ட விதிமுறையிலேயே எழுத்தில் உறுதி கொடு.

2. மக்கள் பணம் வாங்கும் ஒவ்வொரு ஆலையும் எவ்வளவு வாயு பிடித்தது, டன்னுக்கு என்ன செலவு, அது எங்கே போனது என்று ஆண்டுதோறும் வெளியிடணும்.

3. 2010 முதல் நிலக்கரித் தீர்வையாக வாங்கிய பணத்துக்கு வெள்ளை அறிக்கை வை.

4. மானியத்தை உஜ்வாலாவோடு நிறுத்தாமல், வசதியில்லாத எல்லா வீட்டுக்கும் சிலிண்டர் மானியத்தைத் திரும்பக் கொடு.

5. மாநில அரசே, மாதாந்திர மின் கணக்கெடுப்பை உடனே தொடங்கு. காற்றுக் காலத்தில் நிறுத்தி வைத்த காற்றாலை யூனிட் எவ்வளவு என்று தினமும் வெளியிடு. செங்கோட்டைக் கணவாய்ப் பகுதிக்குப் போதுமான லைனும் சேமிப்பு வசதியும் அமை.

📢 நீங்க செய்ய வேண்டியது

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு உங்க வீட்டு மின் ரசீதையும் சிலிண்டர் ரசீதையும் கையில் எடுத்துக்கொண்டு போங்க. முதல் கோரிக்கையையும் ஐந்தாவது கோரிக்கையையும் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லுங்க. பேச விடவில்லை என்றால் எழுதிக் கொடுங்க, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்க. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் இந்தப் பக்கத்துக்குச் செய்தி அனுப்புங்க, மாதிரித் தீர்மானம் நாங்க தருகிறோம். புளியறையில் ஆரம்பிக்கட்டும், செங்கோட்டை ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிக்கும் போகட்டும்.

ஆஸ்பத்திரிக் குப்பையைத் திருப்பி அனுப்பிய மண் இது. புகைக் குப்பையின் கூலியையும் திருப்பி அனுப்புவோம்.

குப்பை போட்டவன் அள்ளட்டும்! அள்ளுற கூலியையும் அவனே கொடுக்கட்டும்!

படிங்க, பக்கத்து வீட்டுக்கும் வாசித்துக் காட்டுங்க, பகிருங்க.

#குப்பை_போட்டவன்_அள்ளட்டும்
#புளியறை #தென்காசி
#வீட்டு_ரசீதில்_கை_வைக்காதே